பைபாஸ் முடிந்து 8ஆம் நாள், பிளேட்லெட் குறைகிறது, ஹெப்பாரின் ஆன்டிபாடி பாசிட்டிவ்

மூத்தமகள்:
அப்பாவுக்கு பைபாஸ் ஆனதும் பிளேட்லெட் குறைந்து, 5ஆம் நாள் 1,80,000க்கு ஏறியது. நிம்மதியாக இருந்தோம். நேற்று 74,000. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்து ஹெப்பாரின்; எலைசா என்ற ரத்தப் பரிசோதனையில் அதற்கான ஆன்டிபாடி பாசிட்டிவ். ஹெப்பாரினை நிறுத்திவிட்டார்கள், சரி, ஆனால் உடனே ஆர்கட்ரோபான் என்று ரத்தம் உறையாமலிருக்க வேறொரு மருந்தை ஏற்றுகிறார்கள். டெங்குவில் பிளேட்லெட் குறைந்தால் ரத்தக்கசிவுதானே பயம்? அப்புறம் இது எதற்கு?

ஐசியூ நர்ஸ்:
இது டெங்குவுக்கு நேர் எதிர்ங்க. பிளேட்லெட்டிலிருந்து வரும் பிஎஃப்4 என்ற புரதத்தோடு ஹெப்பாரின் ஒட்டிக்கொள்ளும், அந்த ஜோடியை உடம்பு அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடி உண்டாக்கும், அது பிளேட்லெட்டைத் தூண்டிவிட்டு ரத்தக்கட்டி பிடிக்க வைக்கும். கட்டியில் செலவாவதாலும்தான் எண்ணிக்கை இறங்குகிறது. அதனால்தான் மாற்று மருந்து. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ ஜில்லென்று ஆனாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள்.

லேப்காரன்:
பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இதய அறுவை சிகிச்சை ஆனவர்களில் பாதிப் பேருக்குக்கூட இந்த ஆன்டிபாடி வரும், நோயாக மாறுவது 100க்கு 1 முதல் 3 பேருக்குத்தான். ரிப்போர்ட்டில் ஓடி என்று ஒரு எண் இருக்கும், அது ஏற ஏறச் சந்தேகம் வலுக்கும், 2ஐத் தாண்டினால் ரொம்பவே. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஏறிய கவுண்ட் 5ஆம் நாளுக்கு மேல் மறுபடி பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. பைபாஸுக்குப் பிறகு டாக்டர்கள் தேடுவதே இந்த இரண்டாவது இறக்கத்தைத்தான். மருந்தை மாற்றியது சரியான முடிவு.

கொள்ளிடக்கரை:
என் அம்மாவுக்கும் இதேதான். ஹெப்பாரினை நிறுத்தியாச்சு என்று எழுதிய பிறகும் கழுத்து லைனை (ரத்தக்குழாயில் செருகிய டியூப்) அலச ஹெப்பாரின் கலந்த சிரிஞ்சோடு வந்தார்கள், லேபிளைப் படித்ததால் தப்பித்தோம். அலசும் அந்தத் துளிகூடக் கூடாது, வெறும் சலைன் போதும். பிளேட்லெட் 1,50,000 தொடும்வரை வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை) ஆரம்பிக்கக் கூடாது என்றும் எங்கள் டாக்டர் சொன்னார். ஆன்டிபாடி மூன்று மாதத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த ஹெப்பாரின் விஷயத்தைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். நாங்கள் ஃபைல் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டோம்.

மூத்தமகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் உள்ளே விட்டார்கள், இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தேன், ஒரே சூடுதான். லைனை எதை வைத்து அலசுகிறார்கள் என்று கேட்டேன், சலைன் பாக்கெட்டைக் காட்டினார்கள்.