அல்வாச் சட்டியில 58 டிகிரிதான் காட்டுது, டெம்பரேச்சர் கன் கோளாறா?

பாளை அடுப்படி:
பாளையங்கோட்டையில சின்னதா ஒரு அல்வாப் பட்டறை வச்சிருக்கோம். கைப்பழக்கத்துலயே பதம் சொல்லுத மாஸ்டருக்கு வயசாயிட்டு. சூட்டை எழுதி வச்சா அடுத்த ஆளுக்கு ஆகும்னு லேசர் புள்ளி விழுத கன் ஒண்ணு வாங்கினேன். தோசைக்கல்லுல 210 காட்டுது, நம்பலாம். பித்தளைச் சட்டியோட வெளிப்பக்கம் வெறும் 58! அங்க தண்ணி தெளிச்சா சொய்ங்குது. திருப்பிக் கொடுத்திரவா?

வண்ணாரப்பேட்டை:
கொரோனா சமயத்துல நெத்தியில காட்டுன கன்னா? அது காய்ச்சல் பாக்கத்தான் ஆகும்.

பாளை அடுப்படி:
இல்ல அண்ணாச்சி, 400 வரைக்கும் போவும். செட்டிங்ல எமிசிவிட்டி (பொருள் சூட்டுக் கதிரை விடுத அளவு) 0.95ன்னு இருக்கு.

மில் மெக்கானிக்:
கன் நல்லாத்தான் இருக்கு, கொடுத்திராதீய. அது பொருள்ல இருந்து வருத அகச்சிவப்புக் கதிரை வாங்கிக் கணக்குப் போடுது. விளக்குன பித்தளை அந்தக் கதிரை ரொம்பக் கம்மியாத்தான் விடும், எமிசிவிட்டி சுமார் 0.1. மிச்சமெல்லாம் எதிர்ச் சுவர்ல இருந்து பட்டுத் திரும்புதது. எண்ணெய் ஏறிக் கருத்த தோசைக்கல் 0.95க்குப் பக்கம், அதான் சரியா வருது.

செட்டிங்கை 0.1க்கு மாத்தலாம்னு தோணும், வேண்டாம். சட்டி ஒவ்வொரு தடவை விளக்கும்போதும் அது மாறும். பைக் சைலன்சருக்கு அடிக்குத மேட் கருப்பு பெயிண்டை வெளிப்பக்கம், தீ நாக்கு படாத இடத்துல, உள்ளங்கை அகலம் அடிங்க. உள்பக்கம் கூடவே கூடாது. 0.95லயே வச்சு அங்க பாருங்க. 12:1 கன்னுன்னா ஒரு அடி தள்ளி நின்னா ஒரு இஞ்ச் வட்டத்தோட சராசரி வரும். லேசர் வெறும் குறிதான், அளக்கது அந்தப் புள்ளியை மட்டுமில்ல.

அம்பை அக்கா:
எல்லாம் சரி தம்பி, பதத்துக்குச் சட்டிச் சூடு எதுக்கு? அல்வா மேல அடிச்சாலும் மேல்தோல் சூடுதான் வரும், அது ஆறிக்கிட்டே இருக்கும். ஆவி லென்ஸ்ல படிஞ்சா அதுவும் தப்பு. உள்ள குத்துத குச்சி தெர்மாமீட்டர் வாங்குங்க. நெய் கக்கி ஓரம் விடுததை மாஸ்டர்கிட்ட பாத்துப் படிக்கதுதான் முதல் வேலை.

மில் மெக்கானிக்:
அக்கா சொல்லுதது நியாயம். கன்னு அடுப்புத் தீ கூடிட்டா குறைஞ்சிட்டான்னு பாக்க ஆகும். சந்தேகம்னா நொறுக்கின ஐஸ்ல கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி, மேல அடிங்க. 0க்கு ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன வந்தா போதும்.

பாளை அடுப்படி:
ஐஸ்ல 1. கருப்பு அடிச்ச இடத்துல 146, ஒட்டினாப்ல பளபளப்புல 57. குச்சி எவ்வளவு நீளம் வாங்கணும் அக்கா? சட்டி நல்ல ஆழம்.

அம்பை அக்கா:
கை சுடாம நடு ஆழம் வரைக்கும் போகணும். அடியில முட்டாம பிடிங்க, முட்டினா சட்டிச் சூட்டைத்தான் சொல்லும்.