முன் சீட்டின் ஒரே ஒரு போல்ட் வரமாட்டேன் என்கிறது

வணக்கம். 2015 வேகன் ஆர், இருப்பது வேளச்சேரி. போன வார மழையில் வண்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கார்ப்பெட் இன்னும் ஈரம், நாற்றம் தாங்கவில்லை. பையனுக்கு வீசிங் வேறு. அதனால் சீட்டைக் கழற்றிக் காயவைக்கப் பார்க்கிறேன்.

பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். டிரைவர் பக்கத்துச் சீட்டில் மூன்று போல்ட் சுலபமாக வந்துவிட்டது. பின்பக்கம், உள்ஓரத்தில் உள்ளது மட்டும் துருப்பிடித்து இறுகிவிட்டது. இரண்டு இரவு டபிள்யூடி-40 அடித்து ஊறவைத்தேன். ஸ்பேனரில் பைப் செருகி அழுத்தினேன், தலைதான் மழுங்கியது. அப்புறம் சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன், அதுவும் வழுக்குகிறது. பக்கத்திலேயே ஃபோம், கார்ப்பெட் என்பதால் சூடு காட்டப் பயம்.

அடியில் தகட்டோடு வெல்ட் செய்த நட்டு கெடாமல், இந்த போல்ட்டை வீட்டிலேயே எடுக்க என்ன வழி?