ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்கள்: பரிந்துரை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அடுத்து எதைப் பார்க்கலாம்?

என்னை மிகவும் ஈர்த்தது 2001இல் வந்த ‘வார் ஃபோட்டோகிராஃபர்’. போர்க்கள ஒளிப்படக் கலைஞர் ஜேம்ஸ் நாக்ட்வேயின் கேமராவிலேயே ஒரு குட்டி வீடியோ கேமராவைப் பொருத்தியிருக்கிறார்கள். அவர் காத்திருப்பதும், விரல் ஷட்டரை அழுத்துவதும் நம் கண்ணெதிரே நடக்கின்றன. இருட்டறையில் ஒரே ஒரு பிரிண்டுக்காக மெனக்கெடும் காட்சியும் உண்டு. இப்படி வேலையையே காட்டும் படங்கள்தான் எனக்கு வேண்டும்.

செபஸ்தியாவோ சல்காடோ பற்றிய ‘தி சால்ட் ஆஃப் தி எர்த்’ (2014), ‘ஃபைண்டிங் விவியன் மையர்’ (2013) இரண்டும் பார்த்தாயிற்று. இரண்டாவதில், பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ஊருக்குத் தெரியாமல் படமெடுத்துக் குவித்தவரின் மர்மம்தான் பெரிதாக நிற்கிறது. அவர் படமெடுத்த விதத்தைப் பற்றி இன்னும் பேசியிருக்கலாம்.

எடுத்துக் குவித்தவற்றிலிருந்து ஒரு படத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டும் ஆவணப்படம் ஏதாவது தெரியுமா? ஆசிய, ஆப்பிரிக்கக் கலைஞர்கள் பற்றியது என்றால் இன்னும் மகிழ்ச்சி. அப்புறம், அதை முறைப்படி எங்கே பார்க்கலாம், சப்டைட்டில் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.