வாடகை டைரக்ட் டெபிட் பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது, என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த் பொருளாளர்:
வணக்கம். எங்கள் சங்கத்துக்குச் சொந்தமான ஃபிளாட் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ரொக்க வசூலை விட்டு, குடியிருப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து நாங்களே வாடகையை எடுத்துக்கொள்ளும் டைரக்ட் டெபிட்டுக்கு மாறினோம். எல்லோரும் எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிக் கட்டண முறை வழியாக இ-மேண்டேட், அதாவது பணம் எடுத்துக்கொள்ள மின்னணு ஒப்புதல், கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1ஆம் தேதி பணம் எடுக்கப் போனால் பாதிப் பேருக்கு ‘கணக்கில் பணம் போதவில்லை’ என்று திரும்புகிறது. இத்தனைக்கும் ரொக்கத்தில் ஒழுங்காகக் கட்டியவர்கள். ஒரு வீட்டில் பணம் இருந்தும் நிராகரிப்பு. செயற்குழுவில் சிலர் அபராதம் போடச் சொல்கிறார்கள்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
அபராதம் இருக்கட்டும். அவர்களுக்குச் சம்பளம் எப்போது வருகிறது என்று கேட்டீர்களா? மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் முதலாளி கொடுத்தால் போதும். மாதச் சம்பளக்காரர் பலருக்கு 5, 6, 7ஆம் தேதிதான் பணம் ஏறும். ரொக்கமாகக் கட்டியபோது சம்பளம் வாங்கிய கையோடு உங்களிடம் வந்திருப்பார்கள், நீங்களும் தேதியைப் பெரிதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். வங்கி அப்படிப் பார்க்காதே! 8 அல்லது 10ஆம் தேதிக்கு மாற்றுங்கள்.

கணக்கர் தம்பி:
அக்கா சொன்னது சரி. அந்த ஒரு வீட்டுக்கு வேறு காரணம் இருக்கலாம். மேண்டேட்டில் அதிகபட்சத் தொகை எவ்வளவு போட்டீர்கள்?

பட்டர்வொர்த் பொருளாளர்:
வாடகை 450 வெள்ளி (ரிங்கிட்), அதையேதான் போட்டோம். அந்த வீட்டுக்குத் தண்ணீர் பில் பாக்கியையும் சேர்த்து அனுப்பினோம்.

கணக்கர் தம்பி:
அதுதான் விஷயம். ஒப்புதல் கொடுத்த வரம்பைத் தாண்டினால் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் போகாது. வரம்பை நீங்களாக ஏற்றவும் முடியாது, குடியிருப்பவர்தான் மறுபடி ஒப்புதல் தர வேண்டும். கொஞ்சம் கூடுதல் வரம்பு கேளுங்கள், ஆனால் எதற்கு என்று விளக்கிவிட்டுக் கேளுங்கள். 450 கட்டுகிறவரிடம் 2,000க்கு ஒப்புதல் கேட்டால் யார் தருவார்?

பட்டர்வொர்த் பொருளாளர்:
நன்றி இருவருக்கும். திரும்பிய கணக்குகளில் இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாமா? ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனே தேவலை என்றும் ஒருவர் சொல்கிறார்.

பாயான் லெப்பாஸ் அக்கா:
சொல்லாமல் எடுக்காதீர்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணம் போய்விட்டால் அடுத்த நாளே மேண்டேட்டை ரத்து செய்துவிடுவார்கள். முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை, அப்புறம் எடுங்கள். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் குடியிருப்பவர் மாதாமாதம் இவ்வளவு அனுப்பு என்று தன் வங்கியில் போடும் உத்தரவு. வாடகை ஏறும்போதெல்லாம் ஒவ்வொருவரையும் மாற்றச் சொல்லி அலைய வேண்டும். அப்புறம் ஒன்று, வாடகை ஒப்பந்தத்தில் 1ஆம் தேதி என்றே இருந்தால் அதையும் கடிதம் போட்டுத் திருத்துங்கள். இல்லாவிட்டால் அபராதப் பேச்சு மறுபடி கிளம்பும்.