13 சதவீதம், 13 சதவீதம் என்று இன்னும் எத்தனை நாள்?

நெடுவழி: "வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உற்பத்தித்திறன் 13 சதவீதம் கூடும், நிரூபித்தாகிவிட்டது" என்று மேலே முகில்77 எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. சிட்ரிப் என்ற சீனப் பயண நிறுவனத்தின் கால் சென்டரில், ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழு 2010–11ல் ஒன்பது மாதம் நடத்திய சோதனை அது. அந்த 13ல் 9 எப்படி வந்தது? இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததால். நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்பு எடுத்த கணக்கு வெறும் 4.

முகில்77: 9ஐயும் 4ஐயும் கூட்டினால் 13 தானே சார்? வேலை கூடுதலாக நடந்ததா, இல்லையா?

நெடுவழி: கூடுதல் நிமிடம் உழைப்பதற்குத் திறன் என்று பெயரா? திறன் 4 தான்.

முகில்77: ஷிஃப்ட் அதேதான் சார். அதற்குள் எழுந்து போவது குறைந்தது. வேலையை விட்டுப் போனவர்களும் பாதியாகக் குறைந்தார்கள். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

நெடுவழி: நீங்கள் விழுங்கியதைச் சொல்லட்டுமா? சோதனை முடிந்ததும், வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை. சோதனையின்போது வீட்டில் இருந்தவர்கள், அதே அளவு வேலை காட்டியும் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். ஈடுபாடு எங்கிருந்து வரும்?

கரும்பலகை: அதே நிறுவனத்தின் 1,612 பேரை வைத்து 2024ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்ததே! வாரம் இரண்டு நாள் வீடு. வேலைத்திறன் மதிப்பீட்டில் மாற்றமில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நெடுவழி: அது ஹைப்ரிட். நான் கேட்பது அந்த 9ஐ.

முகில்77: நீங்கள் டீம் லீட். ஆள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தால்தான் உங்களுக்கு வேலை நடக்கிற மாதிரி இருக்கும்.

நெடுவழி: என் பதவியை இழுக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு சின்னச் சந்தேகத்தைக் கேட்கக்கூடத் தயங்கி, நாள் முழுக்கத் திணறுவதைப் பார்க்கிறவன் நான். வீட்டிலிருந்து வேலைக்கு மாறிய மைக்ரோசாஃப்டின் 61,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஆராய்ந்தபோதும், வேறு குழுக்களோடு இருந்த தொடர்பு சுருங்கியதாகத்தான் தெரிந்தது.

தாழ்வாரம்: சாட்டில் ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளானதும் ஃபோன் போடுகிற லீடிடம் எந்தப் பிள்ளை சந்தேகம் கேட்கும்?

நெடுவழி: பச்சைப் புள்ளிக்குத் தனித் திரி தொடங்குங்கள். 9 என்பது நேரம். திறன் 4. இதை மறுத்து ஒருவரும் எழுதவில்லை.

முகில்77: மூன்று முறை மறுத்தாயிற்று. போன மாதச் சம்பளத் திரியிலும் இப்படித்தான் கேள்வி கேட்டதும் காணாமல் போனீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.