வெப்லி மார்க் 6 சிலிண்டர் சீவியதா? .45 ஏசிபி போடலாமா?

டெக்சாஸ்_வாசகன்:
வெப்லி மார்க் 6 (மேல் தாழ்ப்பாளைத் திறந்து குழலைக் கீழே மடிக்கும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஃபிரேமில் 1917, 6 அங்குல பேரல் (குழல்). சிலிண்டரின் பின்முகத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற அளவு இடைவெளி. அதற்கே உரிய .455 தோட்டா போட்டால் பாதி வெடிப்பதில்லை, பிரைமரில் (தோட்டாவின் பின்னால் ஹேமர் அடித்துப் பற்றவைக்கும் பகுதி) லேசான தடம் மட்டும். விற்றவர் ஹாஃப் மூன் கிளிப்பில் (மூன்று தோட்டாக்களைப் பிடிக்கும் அரைவட்டத் தகடு) கடைத் தோட்டா .45 ஏசிபி (பிஸ்டல் தோட்டா) போடச் சொல்கிறார். போடலாமா?

பழைய_எஃகு:
சீவியதுதான், நண்பரே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்த உபரி வெப்லிகளில் ஏராளமானவை இப்படித்தான். .455 தோட்டா கிடைப்பது கஷ்டம், .45 ஏசிபி எங்கும் கிடைத்தது. அதனால் சிலிண்டரின் பின்முகத்தைக் கடைந்து கிளிப்புக்கு இடம் செய்தார்கள். .455 தோட்டாவின் ரிம் (அடியில் துருத்தும் விளிம்பு) தடிமன் சுமார் 1 மி.மீ. சீவிய சிலிண்டரில் அது பின்னால் தாங்கலில்லாமல் ஆடும். ஹேமர் அடிக்கும்போது தோட்டா முன்னே நகர்ந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு லேசான தடம். கிளிப் இல்லாமல் ஏசிபி போட்டால் இன்னும் மோசம், ரிம் இல்லாததால் அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும்.

உறுதி செய்ய: காலி என்று ஆறு அறைகளையும் பார்த்தபின், குண்டும் பவுடரும் பிரைமரும் இல்லாத வெற்று .45 ஆட்டோ ரிம் கேஸை (கிளிப் தேவைப்படாதபடி தடித்த ரிம் கொண்ட .45 ஏசிபி வகைக் கூடு) அறையில் போட்டு மூடிப் பாருங்கள். அதன் ரிம் 2.2 மி.மீ. அருகில். தடங்கலில்லாமல் மூடி, சிலிண்டர் முழுச்சுற்றும் சுழன்றால் சீவியதே. ஆறு அறைகளிலும் தனித்தனியாகப் பாருங்கள். சில கடைகள் சரியாக மட்டம் பார்க்காமல் கடைந்திருக்கின்றன.

லோடிங்பெஞ்ச்:
கடைத் தோட்டாவைத் தயவுசெய்து போடாதீர்கள். விற்றவர் சொன்னதில் ஆபத்தான பகுதி அதுதான். .45 ஏசிபியின் அழுத்த உச்சவரம்பு 21,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). .455 அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாது. தோட்டா உள்ளே போகிறது என்பதால் துப்பாக்கி தாங்கும் என்று ஆகாது. ஒருமுறை வெடித்ததும் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் சிலிண்டர் நிறுத்தும் பள்ளங்களுக்கு அடியில் சுவர் மெல்லியது, விரிசல் அங்கே தொடங்கும். மேல் தாழ்ப்பாளும் தளரும்.

ஆட்டோ ரிம் கேஸில் நீங்களே பவுடரும் குண்டும் நிரப்பி மெதுவான லோடு செய்யுங்கள்: சுமார் 250 கிரெய்ன் (16 கிராம்) மென்மையான ஈயக் குண்டு, வேகம் நொடிக்கு 600-650 அடி. பவுடர் அளவை நம்பகமான லோடிங் புத்தகத்தில், .455-க்கான அழுத்தத்துக்குள் எடுங்கள். இணையத்தில் கிடைத்த எண்ணை அல்ல.

பழைய_எஃகு:
சுடுவதற்கு முன் இன்னொன்று. குழலைத் திறந்து மூடி, கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தாழ்ப்பாளைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து சிலிண்டர்-குழல் இடைவெளி 0.25 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று அளக்கவும். ஹேமரை இழுத்து, ட்ரிகரை அழுத்தியபடி பிடித்திருக்கும்போது சிலிண்டர் வலுவாகப் பூட்டியிருக்க வேண்டும். சிலிண்டரை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டு சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசலிலிருந்து எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும்.

அறை வாய்களையும் (அறையின் முன்புறத் துளை) அளவெடுக்க வேண்டும். பல வெப்லிகளில் குழலின் உள்பக்க வரிப்பள்ள விட்டத்தைவிட அறை வாய் இறுக்கமாக இருக்கும். அங்கே கெட்டியான குண்டு போட்டால் அழுத்தம் ஏறும், மெதுவான லோடில் ஜாக்கெட் குண்டு (செம்பு உறை போட்டது) குழலிலேயே நின்றுவிடவும் கூடும். அதனால்தான் மென்மையான ஈயம்.

டெக்சாஸ்_வாசகன்:
பெரிய கேஸில் சிறு பவுடர், இரட்டை லோடு (ஒரே கேஸில் பவுடர் இருமுறை) விழுந்தால் தெரியாதே?

லோடிங்பெஞ்ச்:
அதுதான் இதில் பெரிய பயம். குண்டு வைக்கும் முன் எல்லா கேஸ்களையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து மட்டம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தவரை கேஸை அதிகம் நிரப்பும் பவுடரைத் தேர்ந்தெடுங்கள், இரட்டையாக விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும். சுடும்போது சத்தம் மந்தமாக வந்தால் அடுத்ததை அழுத்தாதீர்கள். துப்பாக்கியைக் குறிப்பலகை பக்கமே அரை நிமிடம் பிடித்திருந்து, பின் தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலுக்குள் குண்டு நிற்கிறதா என்று தண்டு விட்டுப் பாருங்கள்.