பாராசூட் அடித்துத் திறக்கிறது. லைன் மாற்றினால் சரியாகுமா?

வணக்கம் நண்பர்களே. கலிபோர்னியாவில் ஸ்கைடைவிங் செய்கிறேன், இதுவரை 64 குதிப்பு. மார்ச்சில் பழைய ரிக் (பை, பட்டை, பாராசூட்டுகள் எல்லாம் சேர்ந்த செட்) ஒன்று வாங்கினேன். மெயின் (வழக்கமாகத் திறக்கும் பாராசூட்) 9 செல், அதாவது காற்று நிரம்பும் 9 அறை, 170 சதுர அடி. அதைத் தாங்கும் கயிறுகளான லைன் ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழை. லைன் மாற்றி 500 குதிப்புக்கு மேல் ஆகிவிட்டதாம்.

கடைசி 12 குதிப்பில் 4 முறை படாரென்று திறந்தது. எல்லாமே 4,500 அடியில், வயிறு கீழே பார்க்க, வேகம் குறைத்த பிறகு இழுத்தவை. போன ஞாயிறு இடது தோளில் பட்டை பட்ட இடம் கன்றிப்போனது. கழுத்தை இன்னும் முழுசாகத் திருப்ப முடியவில்லை.

லைனை மடித்துப் பிடிக்கும் ரப்பர் பேண்டுகளை எல்லாம் மாற்றினேன். ஸ்லைடரை (லைனில் வழுக்கி இறங்கி, திறப்பை மெதுவாக்கும் துணி) நுனிவரை ஏற்றி, நான்காகப் பிரித்து, பாராசூட்டின் முன்பக்கத்தைச் சுருட்டி மடித்தேன். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று பார்த்தார், பேக்கிங்கில் குறை சொல்லவில்லை. ஸ்லைடர் வளையங்களில் விரலை ஓட்டினேன், பிசிறு இல்லை. ஆனால் பிரேக் லைன் (திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் கயிறு) இரண்டும் பஞ்சு பஞ்சாக நூல் எழும்பி நிற்கின்றன. உரசல் சூட்டில் ஸ்பெக்ட்ரா சுருங்கும் என்பதால் சந்தேகம் அங்கேதான். ரிசர்வ் (அவசரப் பாராசூட்) 180 நாள் கெடுவுக்குள் மடித்தது, அதைத் தானாகத் திறக்கும் கருவியான ஏஏடியும் சரி. காரணம் தெரியும்வரை இந்த ரிக்கில் ஏறமாட்டேன்.

இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: லைன் செட்டை முழுசாக மாற்றியதும் இந்த அடி நின்றதா?